குழல் ஊதினால் வரும் அண்ணன்

எதிர்னே
ஹிஜ்ரி 1112, ரஜப் மாதம்

அண்ணி குல்ஃபெமுக்கு, கொழுந்தன் நெஜாத்தி எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போடத் தோன்றும். போடுங்கள், ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள். கப்பற்படைக்கு முரசறையப் போய் எதிரிகளிடம் சிக்கிய அண்ணன் இறந்த செய்தி வந்து, விதவைக்கான இத்தாக் காத்திருப்பு முடிந்த மறுமாதமே நீங்கள் சேணம் தைக்கும் துர்முஷை மணந்து பூர்சாவுக்குப் போனீர்கள். இனி உங்கள் பெயரை வாயால் சொல்லமாட்டேன் என்று அன்று தெருவே கேட்கும்படி சொன்னேன். சொன்னபடியே இருந்தும் வந்தேன். இப்போது எழுதுவது உறவு கொண்டாட அல்ல. நான் பார்த்த ஒன்றை நம்புவதற்கு எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஸெக்கெரியா அண்ணனை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இலையுதிர் காலத்திலிருந்து ஆற்றங்கரை மருத்துவமனையில் குழல் ஊதுகிறேன். புத்தி கலங்கியவர்களும் தூக்கம் தொலைத்தவர்களும் இருக்கும் பகுதி அது. பெரிய குவிமாடத்தின் கீழ் நீரூற்று, சுற்றிலும் அறைகள், ஒரு பக்கம் எங்களுக்கு மேடை. நான் குழல், ஒருவர் தம்பூர், ஒருவர் பாட்டு. தலைமை மருத்துவர் இஸ்கந்தர் எஃபெந்தி நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்காருவார். நாங்கள் ராகத்தை மாற்ற மாற்ற, நாடி எந்த ராகத்துக்கு இறங்குகிறதோ அதையே அவருக்கு மருந்தாகக் குறிப்பார். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. சுவரில் மண்டையை மோதிக்கொண்டிருந்த ஒருவர், மெல்ல மெல்ல நிறுத்திவிட்டு, கையில் கொடுத்த பூங்கொத்தை முகர்ந்ததைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

ஊற்றுக்கு எதிர் அறையில் பெயரில்லாதவர் ஒருவர் இருக்கிறார். எதிரிகளின் துடுப்புக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளோடு வந்தவர். வந்ததிலிருந்து வாயே திறந்ததில்லை. சென்ற வாரம் நான் ஊதிக்கொண்டிருந்தபோது அவர் முனக ஆரம்பித்தார். நான் ஊதிய ராகத்தை அல்ல. அண்ணன் உங்களுக்காகக் கட்டிய அந்தப் பாட்டை. உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்த ஒரு காலையில் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். வெளியே யாரிடமும் அண்ணன் அதைப் பாடியதில்லை.

என் குழல் கையிலிருந்து நழுவியது. அவர் திரும்பிப் பார்த்தார். "என்னடா குருவிக்காலு, நின்னுட்ட? ஊது" என்றார்.

சின்ன வயதில் என்னை அப்படிக் கூப்பிட்டது அண்ணன் மட்டும்தான்.

முகம் அண்ணனுடையது அல்ல, அண்ணி. அண்ணன் ஒட்டகம் மாதிரி உயரம். இவர் குட்டை, அகலத் தோள், பூனைக் கண். ஆனால் பேசுவதற்கு முன் ஒருமுறை மூக்கை உறிஞ்சுகிறார். அண்ணன் உறிஞ்சுவது போலவே.

நீங்கள் அந்தப் பாட்டை யாருக்காவது கற்றுக்கொடுத்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

நெஜாத்தி


பூர்சா
ஷஃபான் மாதம்

நெஜாத்திக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. துர்முஷ் வீட்டில் விறகு தாராளமாக இருக்கிறது, உன் காகிதம் தேவைப்படவில்லை.

யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கே நான் பாடிக்கொண்டதில்லை. போதுமா?

இது உன் பழிவாங்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ கோபக்காரன், ஆனால் கதை கட்டத் தெரியாதவன். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான், தவழ ஆரம்பித்துவிட்டான். ஸெக்கெரியா இறந்ததைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு பேர் காஜியின் முன் சாட்சி சொன்ன பிறகுதான் என் நிக்காஹ் நடந்தது. அவர் உயிரோடு இருந்தால் அந்த நிக்காஹ் என்ன ஆகும், இந்தப் பிள்ளையை ஊர் என்னவென்று சொல்லும் என்று குழல் ஊதும்போது கொஞ்சம் யோசித்துப் பார். யோசிக்கும்வரை காஜியின் வாசல் பக்கம் போகாதே.

மறுமாதமே மணந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த மாதம் நான் என்ன சாப்பிட்டேன் என்று வந்து பார்த்தாயா?

ஒரு காரியம் செய். அவர் கப்பலுக்குக் கிளம்பிய காலையில் வாசலில் வைத்து என்னிடம் கடைசியாக என்ன சொன்னார் என்று அந்த மனிதரிடம் கேள். பக்கத்தில் யாரும் இல்லை. நானும் எவரிடமும் சொன்னதில்லை. பதிலை இங்கே எழுதமாட்டேன். நீ எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

குல்ஃபெம்


எதிர்னே
ரமலான், முதல் பத்து

அண்ணிக்கு,

மகனுக்கு என் துஆ. இதைத் தவிர எழுதத் தெரியவில்லை.

கேட்டேன். தலைமை மருத்துவர் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தப் பாட்டை முதலில் குழலில் ஊதினேன். அதை ஊதினால்தான் அண்ணன் வருகிறான். மற்ற நேரங்களில் அந்த அறையில் இருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ.

அவர் சிரித்தார். "'அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரு'ன்னேன். அவளும் ஓடினா. பாலும் பொங்கல, ஒண்ணும் பொங்கல. அவ திரும்பி வர்றதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டேன். அழுற மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிடா போறது?" என்றார்.

சரியா, அண்ணி? சரி என்றால், தயவுசெய்து மேலே படியுங்கள்.

விரல்களால் கட்டில் சட்டத்தில் முரசு தட்டுகிறார். கப்பற்படையில் அண்ணன் அறைந்த அதே நடை. ஆனால் விரல்கள் அண்ணனுடையவை அல்ல, ரம்பமும் வாய்ச்சியும் பிடித்துக் காய்த்துப்போன தச்சன் விரல்கள். அவை அவர் சொன்னபடி கேட்கவில்லை. தாளம் தவறும்போதெல்லாம் தன் கையையே முறைத்துப் பார்க்கிறார், வேலைக்காரனைப் பார்ப்பது போல.

நேற்று நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் அவரை ஊற்றருகே அழைத்துவந்தேன். வெயில் குவிமாடத்தின் திறப்பு வழியாக நேரே தொட்டியில் விழுந்தது. அவர் குனிந்தார். தண்ணீரில் முகம் தெரிந்தது. பிறகு என் சட்டையைப் பிடித்து, "யாருடா இது? நெஜாத்தி, எவன் இவன்? ஏன் என்னையே பாக்குறான்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கையாலும் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார். பிடிக்க நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. அறைகளில் இருந்த மற்ற நோயாளிகள் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள். எப்போதும் ஓயாமல் பேசும் கிழவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

இஸ்கந்தர் எஃபெந்தி இந்த நோய் முற்றுகிறது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் வந்துகொண்டிருக்கிறான். வழி குறுகலாக இருக்கிறது, அவ்வளவுதான். வந்து பாருங்கள்.

நெஜாத்தி


பூர்சா
ரமலான், கடைசி வெள்ளி

நெஜாத்திக்கு,

பால் சரி.

இத்தனை காலமும் அது உண்மையிலேயே பொங்கப்போனது என்றும், நான் ஓடியதால்தான் அவர் போனதைப் பார்க்க முடியவில்லை என்றும் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

பெருநாள் கழிந்ததும் பட்டு வியாபாரிகளோடு வருகிறேன். துர்முஷிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் என் பயணத்துக்கென்று கோவேறு கழுதைக்கு ஒரு சேணம் தைக்க உட்கார்ந்தார், பிள்ளைக்குத் தனியாகத் தொட்டில் மாதிரி ஒரு மடிப்பு வைத்து. "ரெண்டு பேரும் போங்க. யாரு திரும்பி வர்றீங்களோ, அவங்களுக்கு வாசல் திறந்திருக்கும்" என்றார்.

உன் வீட்டில் தங்கமாட்டேன்.

குல்ஃபெம்


பூர்சா
ஷவ்வால் கடைசி

நெஜாத்தி தம்பிக்கு,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பட்டது. இப்போது எழுதுகிறேன்.

என்னை அவர் அறையில் விட்டுவிட்டு நீ மேடையில் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஊதினாய் அல்லவா? அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். யாரோ ஒரு தச்சர், தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகும் அந்நிய ஆண். நீ இரண்டாம் அடிக்குப் போனபோது அவருடைய முதுகு நிமிர்ந்தது. திரும்பினார். அந்தப் பூனைக் கண்களுக்குள்ளிருந்து ஸெக்கெரியா என்னைப் பார்த்தார். இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

"குல்ஃபெம், நான் செத்த அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

அவரே சொன்னார். மிகச் சாதாரணமாக, சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வது போல.

"காய்ச்சல்தான். துடுப்புல கை வைக்க முடியல. பக்கத்துல சங்கிலி போட்டிருந்தவன் என் பங்கையும் சேத்து இழுத்தான். நல்லவன். அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உன்னைப் பத்தி, தம்பியைப் பத்தி, பாட்டு, பால், எல்லாம். சொல்லிக்கிட்டே இருந்தா சாகமாட்டேன்னு நினைச்சேன். விடியிறப்ப செத்துட்டேன். கழட்டித் தூக்கிக் கடல்ல போட்டாங்க."

"நீங்கதான் விழுந்தீங்களா?" என்றேன்.

"ஆமா. நாந்தான் விழுந்தேன்."

"யாரு பாத்தது?"

"நாந்தான். பலகையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேனே" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல வாய் திறந்தபடி இருந்தது. நெடுநேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையைக் காட்டி, "யாரு இது?" என்றார். "என் மகன்" என்றேன். தலையை ஆட்டினார். "குளிர் படாம வெச்சுக்க" என்றார். உன் குழல் நின்றது. அவரும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

தம்பி, ஸெக்கெரியா இறந்துவிட்டார். கடலில் விழுந்தவர் அவர். பலகையில் உட்கார்ந்து பார்த்தவர் இன்னொரு மனிதர். பக்கத்துச் சங்கிலிக்காரர்.

வெளியே வந்தபோது இஸ்கந்தர் எஃபெந்தி என்னை நிறுத்தினார். நீ தனியாகப் போய் ஊதுவது அவருக்குத் தெரியும். "நான் ஒரு ராகம் கொடுக்கிறேம்மா. அதைக் கேட்டா அவரு சாப்பிடுறாரு, தூங்குறாரு, கனவுல அவங்க ஊர்ப் பாஷையில கடலைப் பத்தி ஏதோ சொல்றாரு. உங்க கொழுந்தன் வந்து வேற ஒண்ணை ஊதிட்டுப் போறாரு. மூணு நாளைக்கு அவரு வாயில பச்சைத் தண்ணி இறங்கறதில்ல. அந்த உடம்புல ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தருக்குத்தான் நாடி இருக்கு" என்றார்.

அந்த மணிக்கட்டுகளை நானும் பார்த்தேன். குச்சி.

நிறுத்திவிடு.

குல்ஃபெம்


எதிர்னே
துல்கஃதா மாதம்

அண்ணிக்கு,

உங்களுக்கு வசதியாகத்தான் முடிந்திருக்கிறது. அண்ணன் செத்தான், நிக்காஹ் செல்லும், பிள்ளைக்குப் பழி இல்லை, சேணக்காரர் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். எனக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது?

இரண்டு சாட்சிகள் சொன்னார்கள், அழுதேன். பிறகு பழகிக்கொண்டேன். இப்போது ஊற்றுக்கு எதிர் அறையில் அண்ணன் உட்கார்ந்து, அப்பா அத்திமரத்திலிருந்து விழுந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நானே மறந்துபோன அயல்வீட்டுக்காரர்களின் பெயர்களைச் சொல்கிறான். நான் வாய்தவறி ஸ்வரம் பிசகினால் திட்டுகிறான். செத்தவன் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உடம்பை வைத்தா? உடம்பு போனால் போகட்டும்.

மருத்துவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதையும் எழுதுகிறேன், நான் எதையும் மறைக்கவில்லை என்று தெரியவேண்டுமல்லவா? "நீங்க ஊதுறது மருந்துன்னுதான் உங்களை வெச்சிருக்கோம். மருந்தை மாத்திக் கொடுத்தா அதுக்கு வேற பேரு" என்றார். "நாளைலேர்ந்து நான் சொல்ற ராகம். இல்லன்னா குழலை உறையில போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

அந்த ராகத்தை நன்றாகத் தெரியும். அதை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணனிடமிருந்து ஒன்று கழன்றுவிடுகிறது. ஒருமுறை அந்த அத்திமரக் கதை போயிற்று, பாட்டை ஊதித்தான் மீட்டேன். இன்னொரு முறை அம்மாவின் பெயரைக் கேட்டேன், தெரியாமல் விழித்தான். அதற்குப் பதிலாகப் படகுக்குக் கீல் பூசுவதைப் பற்றியும் பாய்மரத்துக்கு ஏற்ற மரத்தைப் பற்றியும் ஒருவர் பேசுகிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எனக்கு அவர் யார்?

என் கையாலேயே அண்ணனை இரண்டாம் முறை கொல்லச் சொல்கிறீர்கள்.

நெஜாத்தி


பூர்சா
துல்கஃதா கடைசி

தம்பி,

உன் கடிதத்தைத் துர்முஷிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பாவம், அந்தப் பையன் தனியா இருக்கான்" என்றார். பெருநாளுக்கு நீ இங்கே வரவேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

எனக்கு வசதிதான். மறுக்கவில்லை. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோது என் வசதியை நினைக்கவில்லை. அந்தப் படகுத் தச்சருக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே ஒருத்தி, சாட்சிகூட வராமல், இத்தா இருப்பதா கூந்தல் வாருவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். என் கணவருக்காகத் துடுப்பு இழுத்தவர் அவர். சாகிறவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, தன்னையே தொலைத்துவிட்டார். அவருக்கு நாம் கொடுக்கும் கூலி, அவரைப் பட்டினி போட்டு அண்ணனுக்குச் சோறு ஊட்டுவதா?

ஸெக்கெரியா இருந்திருந்தால் உன் கன்னத்தில் அறைந்திருப்பார்.

நானும்தான் அவரைப் பார்க்க ஏங்கினேன், தம்பி. நீ ஊதுவதை நிறுத்தியபோது, இன்னொருமுறை ஊதமாட்டாயா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதனால்தான் சொல்லாமல் ஓடினேன்.

குல்ஃபெம்


எதிர்னே
ஹிஜ்ரி 1113, முஹர்ரம் மாதம்

அண்ணிக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரமுடியாமல் போனதற்குத் துர்முஷ் அண்ணனிடம் மன்னிப்புச் சொல்லுங்கள். ஏன் என்று இதில் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகும் சில நாள் எனக்கு மனம் வரவில்லை. குழலைத் தொடாமல் வீட்டிலேயே கிடந்தேன். பிறகு ஒரு காலை இஸ்கந்தர் எஃபெந்தியிடம் போய், நான் ஊதுகிறேன் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. நோயாளியை மேடைக்கு எதிரே மெத்தையில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் காட்டினார்.

அவர் சொன்ன ராகத்தை ஆரம்பித்தேன். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊற்றின் சத்தமும் எங்கள் இசையும் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அண்ணன், பாட்டு ஊதாமலேயே, தானாக வந்தான். மூக்கை உறிஞ்சினான். என்னைப் பார்த்தான்.

"நெஜாத்தி, நிறுத்துடா" என்றான்.

மருத்துவர் தலையசைத்தார், தொடரச் சொல்லி.

"நிறுத்துடா. குளிருதுடா. கால் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு." கெஞ்சினான், அண்ணி. வாழ்நாளில் அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "நான் போயிடுவேன்டா. தம்பி, உன் வாயை மட்டும் எடு. கொஞ்ச நேரம் எடு."

குழலிலிருந்து வாயை எடுக்கவில்லை. மூச்சு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கண்ணீர் வழிந்து உதட்டுக்கும் குழலுக்கும் நடுவே இறங்கியது, ஸ்வரம் வழுக்கியது, ஆனாலும் ஊதினேன். மற்ற அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், அன்று ஊற்றருகே நின்றது போல. இந்தமுறை எல்லோரும் வாசல் கதவைப் பார்த்தார்கள். கதவு மூடித்தான் இருந்தது. யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல அவர்களுடைய தலைகள் மெத்தையிலிருந்து வாசல்வரை ஒன்றாகத் திரும்பின. பிறகு உட்கார்ந்துகொண்டார்கள்.

மெத்தையில் இருந்தவர் சாய்ந்துவிட்டார். மருத்துவர் மணிக்கட்டை விடவில்லை. "நாடி நல்லா இருக்கு. ஒரே நாடி" என்றார்.

நீண்ட நேரம் தூங்கினார். எழுந்ததும் மீன் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு இது எந்த ஊர் என்றார். பெயர் ஒருஜ், கருங்கடலோரம் சினோப்பில் படகு கட்டுபவர். நீங்கள் சொன்னது போலவே அங்கே ஒருத்தி இருக்கிறாள். மருத்துவர் ஆள் அனுப்பினார். மைத்துனன் வந்து, இவரைப் பார்த்ததும் முற்றத்திலேயே மடேரென்று உட்கார்ந்து அழுதான். அந்த நாள்களில் தினமும் போய் ஊதினேன், உடம்பு தேறவேண்டுமென்று. கன்னத்தில் சதை பிடித்து, மீசைகூட முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை கிளம்பினார். வாசல்வரை போனேன். அவருக்கு நான் குழல்காரன், அவ்வளவுதான். மரியாதையாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கேக்கணும்னு நினைச்சேன். உங்க சாடை எனக்கு ரொம்பத் தெரிஞ்ச சாடையா இருக்கு. என்கூட ஒருத்தன் துடுப்பு போட்டான். நெட்டையா இருப்பான். என் தோள்ல தலை வெச்சுக்கிட்டே செத்துப்போனான். அவ்வளவுதான் நினைவு இருக்கு. அவன் நிறைய பேசினான்னு தெரியுது, என்ன பேசினான்னு ஒண்ணும் நிக்கல. அவன் பேரு நாக்கு நுனிவரைக்கும் வந்து வந்து போகுது. அதைச் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதலாம்னு பாக்குறேன். உங்களுக்குத் தெரியுமா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனைக் கண்கள், தெளிவான கண்கள். அவற்றுக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் பேசி முடித்ததும், பழக்கமே இல்லாதவர் செய்வது போல, மெல்ல ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

"தெரியாதுங்க" என்றேன்.

வண்டி பாலத்தைக் கடந்து மறையும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன், அண்ணி. திறந்தால் பெயரைச் சொல்லி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

உங்கள் தம்பி
நெஜாத்தி